காடியில் கிடந்த பிள்ளை: நம் பங்கின் குடில் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

கோயிலுக்குப் பின்னால் மூங்கில் வந்து இறங்கிவிட்டது. சாக்குகளைப் பசையிலும் காவியிலும் முக்கி மதிற்சுவரில் காயப்போட்டிருக்கிறீர்கள். காய்ந்ததும் அவை மலையாகிவிடும். பிஸ்கட் டின்களில் கேப்பை விதைத்து இருட்டறையில் வைத்தாயிற்று என்று உபதேசியார் சொன்னார். ஆக, இந்த ஆண்டுக் குடில் வேலை தொடங்கிவிட்டது. நான் ஏதாவது சொல்வதென்றால் இப்போதே சொல்லிவிட வேண்டும். இருபதாம் தேதிக்கு மேல் வந்து யோசனை சொல்கிறவர்களை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் பார்த்தேன்.

உங்களில் பாதிப் பேரின் அம்மாமார் என்னிடம் படித்தவர்கள். மீதிப் பேர் என்னை மேலத்தெரு டீச்சர் என்று அறிவீர்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் குடில் கட்டிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. நேரில் சொன்னால் "சரி டீச்சர், சரி டீச்சர்" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். இதை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

போன ஆண்டு நம் குடிலுக்கு மறைவட்டத்தில் இரண்டாம் பரிசு. மோட்டார் வைத்த அருவி, தண்டவாளத்தில் ஓடும் ரயில், வலது மூலையில் சுற்றிக்கொண்டிருந்த மூன்று காற்றாலைகள். "பெத்லகேமில் ஏதுடா காற்றாலை?" என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அவை பிடித்திருந்தன. கயத்தாறு பக்கம் போய் வருகிற பிள்ளைகள் தங்கள் கண்ணில் நின்றதை வைத்தார்கள், அவ்வளவுதான். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் சான் கிரெகோரியோ அர்மேனோ என்று ஒரு தெரு இருக்கிறது. குடில் பொம்மை செய்கிறவர்களின் தெரு அது. மீன் விற்கிறவள், ரொட்டி சுடுகிறவன், அரசியல்வாதி, கால்பந்து ஆட்டக்காரர் எல்லாரும் அங்கே பொம்மையாகிக் குடிலுக்குள் போவார்கள். ஆகவே காற்றாலை இருக்கட்டும். ரயிலும் ஓடட்டும்.

என் கேள்வி வேறு. பாலனை எதில் கிடத்தினீர்கள்?

நடுச்சாமப் பூசை முடிந்து, குழந்தை சுரூபத்தை முத்தி செய்ய வரிசையில் நின்று நான் கிட்டே வந்தபோது பார்த்தேன். சரிகைக் கரை வைத்த சிவப்பு வெல்வெட் மெத்தை. அதைச் சுற்றித் தெர்மாகோலில் செதுக்கிய ஒரு சிறு சிம்மாசனம். அதன் விளிம்பில் நீல விளக்குகள். மாடு இருந்தது, கழுதை இருந்தது, ஆடுகள் பதினொன்று இருந்தன. அவை தின்ன ஒரு தொட்டிதான் இல்லை.

இதில் உங்கள் தவறு அதிகமில்லை. பழைய மொழிபெயர்ப்பு விவிலியத்தில் அதற்கு 'முன்னணை' என்று பெயர். தலையணை, பஞ்சணை என்ற வரிசையில் அதுவும் ஏதோ மெத்தை என்றுதான் சின்ன வயதில் நானும் எண்ணியிருந்தேன். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பூச்சில்லாமல் 'தீவனத் தொட்டி' என்று போட்டுவிட்டது. ஆனால் அதற்குள் மெத்தை நம் மனதில் நிலைத்துவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. நாம் இதற்கு வைத்த பெயரே 'குடில்'. அதாவது வீடு, குடிசை. இத்தாலியர்கள் 'ப்ரெசேப்பே' என்கிறார்கள். மாட்டுக்குத் தீவனம் போடும் இடத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஜெர்மானியர்கள் 'க்ரிப்பே' என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்கள் 'க்ரெஷ்' என்கிறார்கள், ஆங்கிலத்தில் 'க்ரிப்'. எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது அந்தத் தீவனத் தொட்டிதான். அவர்கள் தொட்டியின் பெயரால் முழுக் காட்சியையும் அழைக்கிறார்கள். நாம் கூரையின் பெயரால் அழைக்கிறோம். அதனால்தானோ என்னவோ, ஆண்டுக்கு ஆண்டு நம் கூரை அழகாகிக்கொண்டே வருகிறது. தொட்டி காணாமல் போய்க்கொண்டே இருக்கிறது.

தொட்டி அத்தனை முக்கியமா என்று கேட்பீர்கள். லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். பிறப்பைச் சொல்லும் அந்தச் சில வசனங்களுக்குள் தொட்டி மூன்று முறை வருகிறது: 7, 12, 16. நட்சத்திரம் லூக்காவில் ஒரு முறைகூட இல்லை. அது மத்தேயு சொல்வது. மாடும் கழுதையும் இருவரிடமும் இல்லை. தன்னை வளர்ப்பவரின் தொட்டி எதுவென்று மாட்டுக்கும் கழுதைக்கும் தெரிகிறது, என் மக்களுக்குத் தெரியவில்லையே என்று கடவுள் ஆதங்கப்படும் ஓர் இடம் எசாயா நூலின் தொடக்கத்தில் உண்டு. அங்கிருந்துதான் அவை இரண்டும் குடிலுக்குள் நடந்து வந்தன. இடையர்களிடம் வானதூதர் அடையாளம் என்று சொல்லி அனுப்பியதும் ஒளியையோ இசையையோ அல்ல. துணியில் சுற்றி, தீவனத் தொட்டியில் கிடக்கும் ஒரு பிள்ளையை. அடையாளத்தையே எடுத்துவிட்டால் இடையர்கள் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள்?

இப்போது என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு அப்போது எட்டு வயது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். எங்கள் வீடு நீளமாக ஒரே அறை. வாசலை ஒட்டிய பகுதி மாடுகளுக்கு. அங்கே தரை ஒரு சாண் தாழ்வாக இருக்கும். மேட்டுப் பகுதி எங்களுக்கு. நடுவில் சுவர் கிடையாது. கருங்கல்லில் கொத்திய காடிதான் எல்லை. மாடுகள் அந்தப் பக்கம் நின்று தின்னும், நாங்கள் இந்தப் பக்கம் படுத்திருப்போம். ஊறவைத்த பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கலந்த அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

சித்தப்பாவுக்கு ஐப்பசியில் கல்யாணம். முந்தின இரவு அடைமழை. பந்தலில் படுத்திருந்த சொந்தபந்தம் எல்லாம் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடிவந்துவிட்டது. கால் வைக்க இடமில்லை. ஆள்மேல் ஆளாகப் படுத்திருந்தார்கள். அத்தை நாற்பது நாள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். தொட்டில் கட்டலாமென்றால் உத்தரத்துக்கு நேர் மேலே ஓடு ஒழுகிக்கொண்டிருந்தது. ஆச்சி எழுந்து போய்க் காளையைத் தள்ளிக் கட்டினாள். காடியைச் சாம்பல் போட்டுத் துடைத்தாள். சோளத்தட்டையை ஒடித்துப் பரப்பி, மேலே தன் பழைய சுங்கடிச் சேலையை நாலாக மடித்துப் போட்டாள். "குடு பிள்ளைய" என்று கை நீட்டினாள்.

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "மாட்டுக் காடியிலயா?" என்றாள். ஆச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அடியே, இந்த வீட்டுல இப்ப மிதிபடாத இடம் அது ஒண்ணுதான்" என்றாள்.

தட்டையை மாடு இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. மயிலைக்காளை இரண்டு மூன்று முறை முகத்தைக் கொண்டுவந்து முகர்ந்தது. பெருமூச்சு விட்டது. அந்தச் சூடு என் கைமேலும் பட்டது. பிள்ளை ஒரு முறைகூட அழவில்லை. அந்தப் பிள்ளைக்கு இப்போது பேரன் இருக்கிறான்.

நெடுங்காலம் கழித்துத்தான் லூக்காவைப் பற்றி ஒரு விஷயம் படித்தேன். படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஆச்சியை நினைத்தேன். நமக்கெல்லாம் தெரிந்த கதையில் ஒரு சத்திரக்காரன் உண்டு. கதவைத் திறந்து, நிறைமாதக் கர்ப்பிணியைப் பார்த்தும் இடமில்லை என்று சாத்துகிறவன். நம் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவனுக்குப் பெரிய மீசை வைப்போம். லூக்காவில் அப்படி ஓர் ஆளே கிடையாது. இடமில்லை என்று மட்டுமே அவர் எழுதுகிறார். எங்கே இடமில்லை என்பதற்கு அவர் எழுதிய கிரேக்கச் சொல் 'கத்தாலுமா'. நல்ல சமாரியர் அடிபட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்துக் காசு கொடுத்தாரே, அந்தச் சத்திரத்துக்கு இதே லூக்கா வேறு சொல் வைத்திருக்கிறார். கத்தாலுமா என்றால் தங்குமிடம், வீட்டில் விருந்தாளிக்கு ஒதுக்கிய அறை என்றும் கொள்ளலாம்.

மத்திய கிழக்கில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து கற்பித்த கென்னத் பெய்லி என்ற விவிலிய அறிஞர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பாலஸ்தீனக் குடியானவர் வீடு பெரும்பாலும் ஒரே அறை. வாசல் பக்கம் தாழ்ந்த தரையில் இரவில் கால்நடைகளைக் கட்டுவார்கள். மேட்டுத் தரையில் மனிதர்கள் படுப்பார்கள். மேட்டின் விளிம்பில் தீவனத் தொட்டி. வசதி இருந்தால் விருந்தாளிக்குத் தனி அறை. சூசையப்பர் தாவீதின் குடும்பத்தார். சொந்த ஊருக்கு வந்தவரை அந்த ஊர் தெருவில் விட்டிருக்காது. விருந்தாளி அறை நிறைந்திருந்ததால் வீட்டார் தங்கள் மத்தியிலேயே இடம் செய்து கொடுத்திருப்பார்கள் என்பது அவர் வாதம். எல்லாரும் இதை ஏற்கவில்லை. குகையில் பிறந்தார் என்ற மரபும் மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டிலேயே புனித ஜஸ்டின் அதை எழுதிவைத்திருக்கிறார். குகையை ஒட்டி வீடு கட்டி, குகையை மாட்டுக்கு விடுவதும் அந்த நாட்டு வழக்கம்தான். எப்படியானாலும், மழையிரவில் எங்கள் வீட்டில் நடந்ததை நேரில் பார்த்த எனக்கு பெத்லகேம் அன்னிய ஊராகத் தெரியவில்லை.

இதனால் என்ன மாறிவிடும்? நிறைய மாறும். மீசை வைத்த சத்திரக்காரன் இருக்கும்வரை நாம் அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாகக் கேக் தின்னலாம். நாமாக இருந்திருந்தால் திறந்திருப்போம் என்று நினைத்துக்கொள்ளலாம். அவனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆள் நிறைந்த ஒரு வீடு. கெட்டவர்கள் யாருமில்லை, இடம்தான் இல்லை. நம் வீடுகளும் நம் நாள்களும் அப்படித்தானே இருக்கின்றன? அந்த நெரிசலுக்குள் யாரோ ஒருத்தி எழுந்து, காளையைத் தள்ளிக் கட்டி, தொட்டியைத் துடைத்திருக்கிறாள். விவிலியம் அவள் பெயரைச் சொல்லவில்லை. அப்படி ஒருத்தி இருந்தாளா என்றும் சொல்லவில்லை. ஆனால் மாட்டு எச்சில் காய்ந்த தொட்டியில் யாரும் பிள்ளையைக் கிடத்தமாட்டார்கள். யாரோ துடைத்திருக்கத்தான் வேண்டும். சூசையப்பராகவே இருந்தாலும் சரி.

கிறிஸ்து பிறப்பின் பொருள் என்ன என்று மறைக்கல்வியில் கேட்டால், கடவுள் மனிதரானார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவீர்கள். சரியான பதில். ஆனால் அந்த வாக்கியத்தைத் திருச்சபை லேசாக விழுங்கிவிடவில்லை. 325இல் நிசேயாவில் ஆயர்கள் கூடி, மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிட்டார்கள். அது நடந்து நூறு ஆண்டு கழித்தும் கான்ஸ்டான்டிநோபிளின் பேராயர் நெஸ்தோரியுசுக்கு உறுத்தல் தீரவில்லை. இரண்டு மூன்று மாதக் குழந்தையைக் கடவுள் என்று தன்னால் அழைக்க முடியாது என்று அவர் சொன்னதாகச் சோக்ரத்தேஸ் என்ற அக்கால வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். 431இல் எபேசு சங்கம் அவருக்கு எதிராக முடிவெடுத்தது. மரியாவைக் கடவுளின் தாய் என்று அழைப்பதே சரி என்றது.

நெஸ்தோரியுசை நான் குறை சொல்லமாட்டேன். அவரை உறுத்தியது நம்மையும் உறுத்த வேண்டும். பேசுகிற கடவுளை ஏற்கலாம், அற்புதம் செய்கிற கடவுளை ஏற்கலாம். கழுத்து நிற்காத கடவுளை எப்படி ஏற்பது? தமிழில் ஓர் அருமையான சொல் இருக்கிறது, கைக்குழந்தை. யாராவது கையில் வைத்திருந்தால்தான் அது உயிரோடு இருக்கும் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. உலகைக் கையில் ஏந்தியிருப்பவர் என்று நாம் பாடுகிறவர், தன்னை ஏந்த ஒரு கை வேண்டும் என்று வந்தார். அந்த இரவில் கடவுள் மனிதருக்குக் கொடுத்தது தன்னைத்தான். கேட்டது ஒரு ஜோடிக் கை. இரண்டாயிரம் ஆண்டாக அந்தக் கேள்வி நம் முன்னால் நீட்டியபடியே இருக்கிறது. இவ்விழாவில் நிலைத்து நிற்பது இதுதான் என்பது என் எண்ணம்.

லூக்கா கதையை அகுஸ்து சீசரின் பெயரோடு தொடங்குவதும் சும்மா இல்லை. தெய்வமாக்கப்பட்டவரின் மகன் என்று நாணயத்தில் பொறித்துக்கொண்டவர் அவர். இன்றைய துருக்கியில் உள்ள ப்ரியேனே என்ற ஊரில் கி.மு. 9ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு கிடைத்தது. அகுஸ்துவின் பிறந்த நாளே உலகுக்கு நற்செய்தியின் தொடக்கம், இனி அந்நாளே ஆண்டின் முதல் நாள் என்று அது சொல்கிறது. அதே 'நற்செய்தி' என்ற சொல்லை இடையர்களுக்கு முன் வானதூதர் வாயில் வைக்கிறார் லூக்கா. ஓர் ஆணையில் ஊர் ஊராக மக்களை நடக்க வைக்கும் பேரரசர் ஒரு பக்கம். நடக்க வைக்கப்பட்ட ஏழைக் குடும்பத்தின் பிள்ளை மறு பக்கம். பிள்ளையை வெல்வெட்டில் கிடத்தினால் அது இரண்டாவது அகுஸ்து ஆகிவிடும். அப்புறம் லூக்கா எழுதியதற்கு அர்த்தமே இல்லை.

குடில் மரபைத் தொடங்கிவைத்தவர் என்று நாம் கொண்டாடும் அசிசி பிரான்சிஸ் என்ன செய்தார் என்று பாருங்கள். 1223ஆம் ஆண்டு, இத்தாலியில் ரியெத்திப் பள்ளத்தாக்கின் கிரேச்சியோ என்ற மலையூர். திருநாளுக்குப் பதினைந்து நாள் முன்பே ஜான் என்ற நண்பரைக் கூப்பிட்டு, ஒரு தீவனத் தொட்டியும் வைக்கோலும் மாடும் கழுதையும் தயார் செய்யச் சொன்னார். குழந்தை பட்ட சிரமத்தைத் தன் ஊனக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. சில ஆண்டுகளில் அவர் வரலாற்றை எழுதிய செலானோ தோமா இதைப் பதிந்திருக்கிறார். அவர் விவரிக்கும் காட்சியில் மாதா சுரூபம் இல்லை, சூசையப்பர் இல்லை, மூன்று ராசாக்கள் இல்லை. தொட்டி, வைக்கோல், இரண்டு மிருகங்கள். அந்தத் தொட்டியை வைத்தே பூசை நடந்தது. பிரான்சிஸ் திருத்தொண்டர்; நற்செய்தியைப் பாடி மறையுரையும் ஆற்றினார். பெத்லகேம் என்று சொல்லும்போது ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் இழுத்துச் சொன்னாராம். சொல்லிவிட்டு, அந்தப் பெயரின் இனிப்பு ஒட்டியிருந்ததுபோல் உதட்டை நக்கிக்கொண்டாராம்.

முதல் குடிலில் குடிலே இல்லை, பிள்ளைகளே. தொட்டி மட்டும்தான் இருந்தது.

அவர் ஏன் தொட்டியின் மேல் பூசை வைத்தார்? எபிரேய மொழியில் பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு. அப்பத்தின் வீட்டில் பிறந்தவர் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டார். தொட்டியில் வைப்பது தின்பதற்கு. புனித அகுஸ்தீனார், பெரிய கிரகோரியார் போன்ற பழைய மறையுரையாளர்கள் இந்த இழையை விடாமல் பிடித்தார்கள். மாடு தின்னும் இடத்தில் கிடந்தவர் நமக்கு உணவாகிறார். நற்கருணை அன்றே தொடங்கிவிட்டது. இன்னொன்றும் பாருங்கள். இயேசு தம் கடைசி இரவில் சீடர்களை அனுப்பி ஓர் அறை கேட்கிறார். அந்த அறைக்கும் லூக்கா வைத்த சொல் கத்தாலுமா. பிறந்த இரவில் அவருக்கு இடமில்லாமல் போனதும் கத்தாலுமா, இறப்பதற்கு முந்தின இரவில் அவரே பந்தி வைத்துத் தம்மைப் பிட்டுக் கொடுத்ததும் கத்தாலுமா. கேட்டு வாங்கிய அந்த அறையில் அவர் விருந்தாளியாக உட்காரவில்லை.

கீழைத் திருச்சபைகளின் பிறப்புத் திருவோவியங்களைப் பார்த்திருக்கிறீர்களா? அவற்றில் தொட்டி ஒரு கல்லறைப் பெட்டிபோல் இருக்கும். பிள்ளையைச் சுற்றிய துணி பிரேதத் துணிபோல் இருக்கும். பின்னால் இருண்ட குகை. முதலில் பார்த்தபோது, பிறந்த பிள்ளையை இப்படியா வரைவார்கள் என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. லூக்காவே அந்த முடிச்சைப் போட்டிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. தொடக்கத்தில் துணியில் சுற்றித் தொட்டியில் கிடத்தினார்கள். முடிவில் துணியில் சுற்றிக் கல்லறையில் கிடத்தினார்கள். இரண்டு முறையும் அவர் பிறர் கையில்தான் இருந்தார். கைக்குழந்தையாக வந்தவர் கடைசிவரை அப்படியே இருந்தார்.

பெத்லகேமின் பிறப்புக் கோயிலுக்குள் போகிற வாசல் ஏறக்குறைய நாலடி உயரம்தான். யாரானாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். கீழே குகையில், அவர் பிறந்த இடம் என்று பதினான்கு முனை கொண்ட வெள்ளி நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். அங்கே முன்பு இருந்த நட்சத்திரம் 1847இல் களவு போனது, சபைகளுக்கும் அரசுகளுக்கும் சண்டை மூண்டது, கிரிமியப் போருக்கு வித்திட்ட பூசல்களில் அதுவும் ஒன்றாயிற்று. தொட்டி இருந்த இடம் என்று காட்டுவது அதே குகையில், சில படிகள் இறங்கினால் வருகிற ஒரு மூலை. நட்சத்திரத்துக்காகச் சண்டை போட ஆள் இருந்தது. நம் ஊரிலும் ஸ்டார் எத்தனை அடி உயரம் என்பதில்தானே கிழக்குத் தெருவுக்கும் மேற்குத் தெருவுக்கும் தகராறு?

வாட்ஸாப்பில் வருகிற ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்களில் ஒருவன் போன ஞாயிறு என்னிடம் கேட்டான். டிசம்பர் 25 இயேசுவின் பிறந்த நாளே இல்லையாமே என்றான். தேதி விவிலியத்தில் இல்லை. ரோமையில் 354இல் தொகுத்த ஒரு பட்டியலில்தான் அந்த நாள் தெளிவாக வருகிறது. சூரியத் திருவிழாவுக்கு மாற்றாக வைத்தார்கள் என்பார்கள் சிலர். மார்ச் 25இல் கருவுற்றார் என்று கணக்கிட்டு ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்பார்கள் சிலர். அர்மேனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6இல் கொண்டாடுகிறது. எனக்கு அதில் கலக்கம் இல்லை. என் ஆச்சி பிறந்த தேதி அவளுக்கே தெரியாது. ஆனாலும் அவள் பிறந்திருந்தாள், காடியைத் துடைத்தாள்.

தமிழில் இன்னொரு விந்தை. தொட்டி என்ற சொல்லின் கடைசியில் ஓர் 'ல்' சேர்த்தால் தொட்டில். ஓர் எழுத்து தூரம்தான். ஆனால் அந்த ஒரு எழுத்தை யாராவது சேர்க்க வேண்டும். 1992இல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. பெண்ணாகப் பிறந்ததற்காகவே பிள்ளைகள் கொல்லப்பட்ட காலம் அது. கொல்ல வேண்டாம், இங்கே வைத்துவிட்டுப் போங்கள் என்று வெறும் தொட்டிலை வைத்துக் காத்திருந்தார்கள். டிசம்பர் 28 நமக்கு மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஏரோது கொன்ற பிள்ளைகளை நினைக்கும் நாள். பிறப்பு விழா முடிந்து மூன்றாம் நாளே திருச்சபை அதை வைத்திருக்கிறது. அன்று பூசைக்கு ஆள் வருவதில்லை, உங்களுக்கும் முந்தின நாள்களின் அலுப்பு தீர்ந்திருக்காது. ஆனாலும் குடில் அன்றும் அங்கேதான் இருக்கிறது. துடைத்த தொட்டி கிடைத்த பிள்ளையும் கிடைக்காத பிள்ளைகளும் ஒரே கதையில்தான் இருக்கிறார்கள்.

சரி, என் விண்ணப்பத்துக்கு வருகிறேன்.

வெல்வெட் மெத்தையை எடுத்துவிடுங்கள். குடிலின் நடுவில் ஒரு நிஜத் தொட்டி வையுங்கள். திருவருகைக் காலம் முழுக்க அது வெறுமையாகவே இருக்கட்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை அதை யார் துடைப்பது என்று மட்டும் முடிவு செய்யுங்கள். நம் பங்கில் மாடு வைத்திருக்கிற அம்மாமார் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டால் எப்படித் துடைப்பதென்று காட்டுவார்கள். வைக்கோல் போட வேண்டாம், நமக்குச் சோளத்தட்டை இருக்கிறது. நடுச்சாமப் பூசையில் வானவர் கீதம் தொடங்கி, மணியடித்துத் திரை விலகும்போது, சுரூபத்தை அதில் கிடத்துங்கள். முத்தி செய்ய வருகிறவர்கள் குனியட்டும். இடுப்பு வலிக்காரர்களுக்கு மட்டும் கையில் எடுத்துக் கொடுங்கள். அப்படிக் கொடுக்கும்போது ஒரு பிள்ளையைக் கொடுப்பதுபோல் தலைக்கு ஒரு கை கொடுத்துக் கொடுங்கள்.

பரிசு போய்விடுமே என்று பயப்படாதீர்கள். காற்றாலை சுற்றட்டும், ரயில் ஓடட்டும், அருவி கொட்டட்டும். அவ்வளவுக்கும் நடுவில் ஒரு பழைய தொட்டி கிடந்தால், பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். அப்போது நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதற்காகத்தான் இத்தனை நீளமாக எழுதினேன்.

தொட்டிக்கு எங்கும் அலைய வேண்டாம். ஊரில் எங்கள் பழைய வீட்டை இடித்தபோது நான் ஒன்றே ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். என் வீட்டுக் கொல்லையில், முருங்கை மரத்தடியில் கிடக்கிறது. இப்போது கோழிகள் அதில் தண்ணீர் குடிக்கின்றன. ஒரு பக்கம் விளிம்பு மழுங்கியிருக்கும். மாடுகள் கழுத்து உரசிய இடம். அதைத் தூக்க நாலு பேர் வேண்டும், குட்டியானை வண்டியும் வேண்டும். சனிக்கிழமை காலையில் வாருங்கள், காபி போட்டு வைக்கிறேன்.

மூன்று ராசா திருநாள் முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிடுங்கள். கோழிகள் தேடும்.

அன்புடன்,
மேலத்தெரு டீச்சர்